பத்தாம் பாகைப் பள்ளத்தாக்கும் கடல் மைலும்

ஆண்டிபட்டி, தேனி, போடிநாயக்கனூர் ஆகிய மூன்று ஊர்களும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் கிழக்கு மேற்காக அமைந்திருக்கின்றன. அந்தக் கோடு பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்தாம் பாகையில் ஓடும் அட்சரேகை. 2023 ஜூனில் போடி வரை அகல ரயில் பாதை திறந்தபின், ஆண்டிபட்டியில் ஏறிப் போடியில் இறங்குபவர் அந்த ரேகையை ஒட்டியே பயணம் செய்கிறார். அதே கோட்டை மேற்கே நீட்டினால் மலைத்தொடரைத் தாண்டிக் கொச்சித் துறைமுகத்தின் பக்கத்தில் கடலில் இறங்கும். கிழக்கே நீட்டினால் புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினம் அருகே கரையைக் கடந்து, யாழ்ப்பாணத்தின் வடகரைக்குச் சற்று மேலே ஓடி, வங்காள விரிகுடாவைத் தாண்டி, சிற்றந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் இடைப்பட்ட நீர்வழியில் நுழையும். மாலுமிகள் அந்த நீர்வழிக்கு வேறு பெயர் தேடவில்லை. பத்துப் பாகைக் கால்வாய் என்றே அழைத்தார்கள். லட்சத்தீவின் மினிக்காய்க்கு வடக்கே உள்ள ஒன்பது பாகைக் கால்வாயும் அப்படிப் பெயர் பெற்றதுதான். தென்காசி அந்த ஒன்பதாம் பாகையை ஒட்டி இருக்கிறது.

கடலே கண்ணில் படாத ஒரு மாவட்டத்தில் நின்று கடல் தூரத்தைப் பேசுவது பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும் என்பது மட்டுமல்ல, கடல் மைல் என்னும் அளவை விளங்கிக்கொள்ளக் கம்பம் பள்ளத்தாக்கைப் போல வாகான இடம் தமிழ்நாட்டில் குறைவு என்றே நினைக்கிறேன். கடல் மைல் தண்ணீருக்கு உரிய அளவு அன்று. அது பூமியின் வளைவிலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு. அந்த வளைவு நிலத்துக்கும் நீருக்கும் ஒன்றேதான்.

கணக்கு எளிது. பூமியின் வடக்கு தெற்குச் சுற்றை 360 பாகையாகவும், ஒவ்வொரு பாகையையும் அறுபது கலையாகவும் பிரிக்கிறோம். பள்ளிப் புத்தகங்கள் கலையை நிமிடம் என்கின்றன. கடிகாரத்து நிமிடத்தோடு குழம்பாதிருக்க நான் கலை என்றே எழுதுகிறேன். வடக்கு தெற்காக ஒரு கலை நகர்ந்தால் அது ஒரு கடல் மைல். ஆகவே ஒரு பாகை அறுபது கடல் மைல். தேனி 10 பாகையில் இருக்கிறது. சின்னமனூர் 9 பாகை 50 கலையில். உத்தமபாளையம் 48 கலையை ஒட்டி. கம்பம் 44 கலையில். கூடலூர் 41 கலையை ஒட்டி. பள்ளத்தாக்கு தென்மேற்காகச் சாய்ந்து கிடப்பதால் சாலைத் தூரம் இதைவிடக் கூடும். தெற்கு நோக்கிய நகர்வை மட்டும் எடுத்துக்கொண்டால், தேனியிலிருந்து சின்னமனூர் பத்துக் கடல் மைல், கம்பம் பதினாறு, கூடலூர் பத்தொன்பது. வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்ட அட்சரேகை எண்களைக் கழித்தாலே தூரம் கிடைத்துவிடுகிறது. அளவுகோல் தேவையில்லை, பெருக்கல் தேவையில்லை.

உலகம் முழுவதும் மீட்டருக்கு மாறிய பின்னும் கப்பலும் விமானமும் இந்த அளவை விடாததற்குக் காரணம் இதுதான். பழக்கதோஷம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 1569இல் மெர்காட்டர் வரைந்த வகையான கடல் வரைபடத்தில், துருவத்தை நோக்கிப் போகப் போக நிலம் ஊதிப் பெரிதாகும். ஒரே படத்தில் மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர் ஒரே தூரத்தைக் குறிக்காது. ஆனால் படத்தின் பக்கவாட்டு ஓரத்தில் உள்ள அட்சரேகைக் கலைகளும் அதே விகிதத்தில் ஊதுகின்றன. மாலுமி கவராயத்தை விரித்துத் தூரத்தை எடுத்து, அதே உயரத்தில் ஓரத்துக் கலைகள் மேல் வைத்தால் விடை வந்துவிடும். கிலோமீட்டருக்கு இந்த வசதி கிடையாது.

ஆனால் ஒரு கலை எத்தனை அடி நீளம்? மாலுமிகளுக்கு நெடுங்காலம் இது சரியாகத் தெரியாது. பதினேழாம் நூற்றாண்டு தொடங்கும்போதும் ஆங்கிலேய மாலுமிகள் ஒரு மைலுக்கு ஐயாயிரம் அடி என்று வைத்துக் கணக்கிட்டார்கள். கப்பலின் பின்புறம் ஒரு மரப்பலகையைக் கயிற்றில் கட்டி நீரில் விட்டு, கயிற்றில் 42 அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, முப்பது விநாடி மணற்கடிகாரம் காலியாவதற்குள் கையில் எத்தனை முடிச்சு நழுவுகிறது என்று எண்ணினார்கள். கப்பலின் வேகத்தை இன்றும் 'நாட்' என்று முடிச்சின் பெயரால் சொல்வது இதனால்தான். ரிச்சர்ட் நார்வுட் என்பவர் லண்டனிலிருந்து யார்க் வரை சங்கிலியாலும் காலடியாலும் தூரத்தை அளந்து, இரண்டு ஊர்களிலும் சூரியன் உச்சிக்கு வரும் உயரத்தைப் பார்த்து, ஒரு கலைக்கு 6,120 அடி என்று 1637இல் அச்சிட்டார். உண்மைக்கு அது மிக அருகில் வந்த எண். ஆனாலும் பல கப்பல்கள் 42 அடி முடிச்சை விடவில்லை. முடிச்சு குட்டையாக இருந்தால், கப்பல் உண்மையில் போன தூரத்தைவிட அதிகம் போனதாகக் கணக்குக் காட்டும். கரை இன்னும் தொலைவில் இருக்கும்போதே மாலுமி விழிப்பாகிவிடுவார். தவறு என்று தெரிந்தும் பாதுகாப்புக்காக வைத்துக்கொண்ட தவறு அது. பின்னர் 28 விநாடிக் கடிகாரமும் 47 அடி 3 அங்குல முடிச்சும் வழக்கத்துக்கு வந்து கணக்கு நேரானது.

பூமியைத் துல்லியமாக அளக்கும் வேலையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அங்கிருந்து குன்றுக்குக் குன்று, கோபுரத்துக்குக் கோபுரம் முக்கோணங்களாகக் கோத்துக்கொண்டு தெற்கே இறங்கினார். அவருடைய கோணமானி அரை டன் எடை. லண்டனில் செய்து அனுப்பியபோது அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கருவி பத்திரமாகச் சென்னை வந்து சேர்ந்தது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி அதன் வட்டத் தகடு நெளிந்தது. லாம்டன் அதை உட்கார்ந்து தம் கையால் நேராக்கி மீண்டும் வேலைக்கு எடுத்தார். திருநெல்வேலிச் சீமையிலும் ஓர் அடிக்கோடு அளந்தார். குமரிமுனைக்கு அருகே தொடங்கி 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டி வடக்கே போன அந்த அளவைத் தொடர் மதுரைச் சீமை வழியாகத்தான் போயிற்று. கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மலைகள் அந்த ரேகையிலிருந்து ஏறத்தாழ ஒரு பாகை மேற்கே தள்ளி நிற்கின்றன.

அந்த அளவீட்டின் முடிவுகளை லாம்டன் சுருக்கித் தர, லண்டன் ராயல் சொசைட்டி 1818இல் வெளியிட்டது. அதில் ஒரு விடை நமக்கு மிக நெருக்கமானது. ஒன்பதரைப் பாகைக்குச் சற்று வடக்கே, அதாவது குமுளியின் அட்சத்தை ஒட்டி, ஒரு பாகையின் நீளம் ஏறத்தாழ 60,473 ஃபேதம். ஆறு அடி ஒரு ஃபேதம். நம் மீனவர்கள் கையை விரித்து ஆழம் பார்க்கும் பாகத்துக்கு நிகரானது. இதை அறுபதால் வகுத்தால் ஒரு கலைக்கு 6,047 அடி வருகிறது, மீட்டரில் 1,843. இன்றைய செயற்கைக்கோள் காலத்துச் சூத்திரத்தைப் போட்டாலும் இதே அட்சத்துக்கு 1,843 மீட்டர்தான் கிடைக்கிறது. இருநூறு ஆண்டுக்கு முன் சங்கிலியையும் கண்ணாடி வில்லையையும் வைத்துப் பெற்ற விடை, முழுப் பாகைக்குச் சேர்த்துப் பார்த்தாலும் சில பத்து மீட்டருக்கு மேல் பிசகவில்லை. இந்த அளவைப் பணியைப் பற்றி நம் பாடநூல்கள் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைச் சொல்லி நிறுத்திவிடுகின்றன. இந்தக் கணக்கு அதற்கு இளைத்தது அல்ல.

இதில் ஓர் உண்மை வெளிப்படுகிறது. இன்று உலகம் ஏற்றிருக்கும் கடல் மைல் 1,852 மீட்டர். 1929இல் மொனாக்கோவில் கூடிய நீரியல் மாநாடு அதை முடிவு செய்தது. அமெரிக்கா 1954இலும் பிரிட்டன் 1970இலும் அதற்கு வந்து சேர்ந்தன. அதுவரை பிரிட்டன் 6,080 அடி என்றே வைத்திருந்தது. பூமி சரியான உருண்டை அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதனால் ஒரு கலையின் நீளம் பூமத்திய ரேகையில் ஏறத்தாழ 1,843 மீட்டர், துருவத்தில் 1,862. இரண்டுக்கும் நடுவே 45 பாகையில்தான் 1,852 சரியாகப் பொருந்துகிறது. அதாவது ஒப்பந்தக் கடல் மைல் ஐரோப்பியக் கடல்களின் அட்சத்துக்கு ஒத்தது. தேனியில் உண்மையான கலை அதைவிட எட்டரை மீட்டர் குறைவு. ஒரு பாகைக்கு அரைக் கிலோமீட்டர் வித்தியாசம். கப்பலோட்ட இது ஒரு பொருட்டல்ல. ஆனால் 'உலகப் பொது அளவு' என்று சொல்லப்படுவது எந்த மண்ணில் நின்று தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

லாம்டனுக்கு முன்பே இந்தக் கடல்களில் ஓடியவர்களிடம் வேறொரு அளவு முறை இருந்தது. அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமாகாது. அரபு மாலுமிகளும் குஜராத்தி மாலுமிகளும் சோழமண்டலக் கரையின் தமிழ் மாலுமிகளும் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை விரல் கணக்கில் பார்த்தார்கள். சிறிய மரப்பலகையின் நடுவே துளையிட்டு நூல் கோத்து, நூலில் முடிச்சுகள் போட்டு, முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையை முன்னே நீட்டுவார்கள். பலகையின் கீழ் விளிம்பு தொடுவானத்தையும் மேல் விளிம்பு நட்சத்திரத்தையும் தொட்டால், அந்த முடிச்சுக்கு உரிய துறைமுகத்தின் அட்சத்தில் கப்பல் இருக்கிறது என்று பொருள். தமிழ்க் கரையில் இதை இராப்பலகை என்றார்கள். காங்கிரீவ் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சோழமண்டலக் கரை மாலுமிகளின் இத்தகைய உத்திகளைப் பற்றி 1850இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

அரபு மாலுமிகளின் நூல்களில், குறிப்பாகப் பதினைந்தாம் நூற்றாண்டின் இப்னு மாஜித் எழுதியவற்றில், இந்தக் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஒரு முழுச் சுற்று 224 விரல். ஆகவே ஒரு விரல் ஏறத்தாழ 1 பாகை 36 கலை. நேர் வடக்கே எட்டு சாம் ஓடினால் துருவ நட்சத்திரம் ஒரு விரல் உயரும். சாம் என்பது மூன்று மணி நேரம் பாய் விரித்து ஓடும் தூரம். நம் சாமமும் ஏழரை நாழிகை, அதே மூன்று மணி நேரந்தான். 96 கலையை எட்டால் வகுத்துப் பார்த்தால் ஒரு சாமத்துக்கு 12 கடல் மைல் வருகிறது, மணிக்கு நான்கு நாட். பருவக்காற்றில் பாரம் ஏற்றி ஓடிய மரக்கலத்துக்கு மிகவும் நம்பத்தகுந்த வேகம். இவர்களும் தூரத்தைப் பூமியின் வளைவோடுதான் கட்டி வைத்தார்கள். கடல் மைலின் அடிப்படைக் கருத்து ஐரோப்பாவில் மட்டும் முளைத்தது என்று சொல்வோருக்கு இந்த விரல் கணக்கே பதில். அந்தக் காலத்தில் துருவ நட்சத்திரம் உண்மையான வட துருவத்திலிருந்து மூன்றரைப் பாகை விலகி இருந்தது. அதற்கான திருத்தத்தையும் அவர்கள் வைத்திருந்தார்கள். இன்று அந்த விலகல் முக்கால் பாகைக்கும் குறைவு. தேனியில் நின்று வடக்கே பார்த்தால், கொடைக்கானல் மலைமுகட்டுக்கு மேலே, தொடுவானத்திலிருந்து ஏறத்தாழப் பத்துப் பாகை உயரத்தில் அது நிற்கும். தேனியின் அட்சம் எத்தனையோ அத்தனை.

நிலத்திலும் நம்மவர்கள் நேரத்தைக் கொண்டே தூரத்தைச் சொன்னார்கள். ஒரு நாழிகை நடந்தால் கடக்கும் தூரம் நாழிகை வழி. ஏறத்தாழ ஒன்றரை மைல். அந்த வேகத்தில் ஒரு சாமம் நடந்தால் பதினோரு மைல் சொச்சம். பாய்மரக் கப்பல் ஒரு சாமத்தில் போன 12 கடல் மைல், தரை மைலில் பதினான்கு. வேகமாக நடக்கும் ஆளைவிடக் கப்பல் கொஞ்சந்தான் முந்தியது. ஆனால் அது இரவும் பகலும் நடந்தது, ஆயிரம் மூட்டையைச் சுமந்து நடந்தது. பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு மேற்குக் கரைத் தொண்டியிலிருந்து முசிறிக்கு 500 ஸ்டேடியம் என்று சொல்லும்போதும் இத்தகைய ஓட்ட நேரத்தைத்தான் எண்ணாக்கி இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

முசிறிக் கரையில் இறங்கிய சரக்கு மதுரைக்கு வர மலையைக் கடந்தாக வேண்டும். குமுளிக் கணவாயும் கம்பம் பள்ளத்தாக்கும் அதற்கு இயற்கை திறந்து வைத்த வழி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்தப் பள்ளத்தாக்கு கப்பலோடு கட்டுண்டே இருந்தது. மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறியது. இன்றும் போடியில் ஏலம் போகும் ஏலக்காய் வளைகுடா நாடுகளுக்குக் கடல் வழியே போகிறது.

மலைகளும் மாலுமிக்கு உதவின. கண்ணின் உயரம் அடியில் தெரிந்தால், அதன் வர்க்கமூலத்தை 1.17ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கடல் மைல் தொலைவில் என்று கிடைக்கும். இது கப்பல்காரர்களின் பழைய சூத்திரம். ஆனைமுடி 2,695 மீட்டர், அதாவது 8,842 அடி. சூத்திரத்தைப் போட்டால் 110 கடல் மைல். கொச்சிக் கரையிலிருந்து ஆனைமுடி ஏறத்தாழ 50 கடல் மைல் உள்ளே இருக்கிறது. ஆகவே வானம் தெளிந்திருந்தால், கரைக்கு வெளியே அறுபது கடல் மைலில் வரும் கப்பலுக்கும் அந்தச் சிகரம் தொடுவானத்துக்கு மேலேதான் நிற்கும். தாழ்ந்த கேரளக் கரை கண்ணில் படுவதற்கு வெகு முன்பே மலை தெரிந்துவிடும்.

கப்பலுக்கு வழி சொல்லும் மலையே விமானத்துக்கு எமனாகவும் ஆகும். 1971 டிசம்பர் 9. வங்கதேசப் போர் நடந்துகொண்டிருந்த நாட்கள். இந்தியன் ஏர்லைன்ஸின் ஹாக்கர் சிட்லி 748 வகை விமானம் ஒன்று மதுரையில் இறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருந்தது. பகல் நேரந்தான், ஆனால் பார்வைத் தெளிவு குறைந்திருந்தது. மதுரைக்கு ஏறத்தாழ ஐம்பது மைல் முன்பாக, சின்னமனூர் அருகே உயர்ந்த நிலத்தில் அது மோதியது. விமானத்தில் இருந்த 31 பேரில் விமான ஊழியர் நால்வரும் பயணிகள் பதினேழு பேரும் இறந்தார்கள். பத்துப் பயணிகள் பிழைத்தார்கள். தேனி மாவட்டத்தின் வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை. அந்த 21 பேருக்காகவேனும் அது பேசப்பட வேண்டும்.

அந்த இடத்தைக் கடல் மைல் கணக்கில் வைத்துப் பார்ப்போம். சின்னமனூரும் மதுரை விமான நிலையமும் ஒரே அட்சத்தில், 9 பாகை 50 கலையில், இருக்கின்றன. தீர்க்கரேகையில் இடைவெளி ஏறத்தாழ 43 கலை. தீர்க்கரேகைக் கலை துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்குவது. நம் அட்சத்தில் அது கடல் மைலைவிட மிகச் சிறிதே குட்டை. ஆக 42 கடல் மைல், 48 தரை மைல், 78 கிலோமீட்டர்.

விமானிகள் ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்று மனக்கணக்காக வைத்திருக்கிறார்கள். மூன்று பாகைச் சாய்வில் இறங்கினால் ஒரு கடல் மைலுக்கு 300 அடி சொச்சம் குறையும் என்பதிலிருந்து வந்தது அது. இந்தக் கணக்குப்படி 14,000 அடியில் பறக்கும் விமானம் மதுரைக்கு 42 கடல் மைல் இருக்கும்போது இறங்கத் தொடங்க வேண்டும். மேற்கிலிருந்து வருபவருக்கு அது சின்னமனூர்ப் பகுதியின் தலைக்கு மேலே. கீழே மேகமலையின் தேயிலைத் தோட்டங்களே ஐயாயிரம் அடியை ஒட்டி இருக்கின்றன. சுற்றியுள்ள முகடுகள் அதற்கும் மேல். மதுரை ஓடுதளத்தை மட்டும் நினைத்து இறங்குபவருக்கு, ஓடுதளம் இன்னும் அரை மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில்தான் என்ற நினைப்பு முன்னே நிற்கும், மலை பின்னால் போய்விடும். அதனால்தான் இன்றைய விமான வரைபடங்கள் ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் 25 கடல் மைல் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, அதன் ஒவ்வொரு பகுதிக்கும் இதற்குக் கீழே இறங்காதே என்று ஓர் உயரத்தை அச்சிடுகின்றன. மதுரை விமான நிலையத்தை மையமாக வைத்து அந்த வட்டத்தைப் போட்டால், மேற்கே உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய்க்கு முன்னரே முடிந்துவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கும் அதன் இருபுற மலைகளும் வட்டத்துக்கு வெளியே. அங்கே வட்டத்துக்கு உரிய உயரத்தை நம்பக் கூடாது. வழித்தடத்துக்கு உரிய உயரத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

மைல் குழம்பினால் என்ன ஆகும் என்பதும் இங்கேயே தெரிகிறது. 48 தரை மைலும் 42 கடல் மைலும் ஒரே தூரம். எண்ணில் வித்தியாசம் ஆறு. இறங்கும் சாய்வில் ஆறு கடல் மைல் என்பது ஏறத்தாழ 1,800 அடி உயரம். 1971 விபத்துக்கு அலகுக் குழப்பம் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த மலைகளின் பக்கத்தில் 1,800 அடிப் பிசகு உயிரைக் குடிக்கும் என்பதைத்தான் சொல்கிறேன். சர்வதேச சிவில் விமான அமைப்பு தன் ஐந்தாம் இணைப்பில் மீட்டர் முறையை முதன்மையாக வைத்திருந்தும், கடல் மைலையும் நாட்டையும் அடியையும் காலக்கெடு இல்லாமல் தொடர அனுமதித்திருப்பதற்குக் காரணம் இந்தப் பிசகைப் பற்றிய அச்சமே. வானில் ஆயிரக்கணக்கான விமானங்கள் இருக்கும்போது அலகை மாற்றுவது, மாறும் நாட்களில் பெரும் ஆபத்து. அதனால் விமானி ஒரே பயணத்தில் தூரத்தைக் கடல் மைலிலும், உயரத்தை அடியிலும், ஓடுதளத்தின் நீளத்தை மீட்டரிலும் வாசிக்கிறார். அழகான ஏற்பாடு அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்பதில் ஐயமே வராதபடி பழகிவிட்ட ஏற்பாடு.

ஐயம் வருவது தரையில், நம் எழுத்தில். 1956இல் மீட்டர் முறைச் சட்டம் வந்து சாலைக் கற்களில் கிலோமீட்டர் ஏறிய பின்னும், பள்ளத்தாக்கின் மூத்தவர்கள் மைல் கணக்குச் சொல்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் செய்தியில் 'இந்தியக் கடல் எல்லை 12 மைல்' என்று அச்சாகும்போது வாசகர் தம் ஊர் மைலைத்தான் நினைப்பார். 12 தரை மைல் 19.3 கிலோமீட்டர், 12 கடல் மைல் 22.2 கிலோமீட்டர். 1976ஆம் ஆண்டுக் கடல் மண்டலச் சட்டம் நம் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தை 200 கடல் மைல் என்று வரையறுத்திருக்கிறது. அதைத் தரை மைலாக எண்ணினால் 48 கிலோமீட்டர் அகலமுள்ள கடல் காணாமல் போகிறது. தேனியிலிருந்து கம்பம் போகும் தூரத்தைவிட அது அதிகம். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று நாட்டுப்படகுக்காரர்களுக்காக ஒதுக்கியது. அங்கே ஒவ்வொரு நூறு மீட்டரும் ஒரு குடும்பத்தின் வலை. மீனவர் கைது பற்றிய செய்திகளில் எல்லைக்கு எத்தனை மைல் உள்ளே, எத்தனை மைல் வெளியே என்று எழுதும்போது எந்த மைல் என்று சொல்லாமல் விடுவது, வழக்கின் மையத்தையே மங்கலாக்குவதாகும்.

செய்தி ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். 'மைல்' என்று சுருக்காமல் 'கடல் மைல்' என்று முழுதாக எழுதுங்கள், பக்கத்திலேயே கிலோமீட்டரையும் தாருங்கள்: மூன்று என்றால் 5.6, பன்னிரண்டு என்றால் 22.2, இருநூறு என்றால் 370.4. தேனி மாவட்டப் பள்ளிகளின் புவியியல் ஆசிரியர்களிடம் இன்னொன்று: மாணவர்கள் கையில் மாவட்ட வரைபடத்தைக் கொடுத்து, தேனிக்கும் கம்பத்துக்கும் இடையே எத்தனை கலை என்று எண்ணச் சொல்லுங்கள்.